தண்ணி மாத்துனதுல இருந்து மீன் மேல வந்து வாயத் தொறக்குது, குளோரின எப்படி எடுக்கறது? (அவசரம்)

மூணடித்தொட்டி (ராத்திரி 9:52)
அண்ணா யாராச்சும் இருக்கீங்களா. சாயந்தரம் தண்ணி மாத்துனேன். ஒரு மணி நேரத்துல எல்லா மீனும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஒண்ணு சாஞ்சே கெடக்குது. குளோரின்தான்னு தோணுது. ஆனா ரெண்டு நாள் புடிச்சு வெச்ச தண்ணிதான் ஊத்துனேன், அப்பறம் எப்படிங்க குளோரின் இருக்கும்? மருந்தும் போட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

கோபிக்காரன் (9:55)
மொதல்ல ஏர் பம்ப்ப முழுசா தொறந்து விடுங்க. காத்துக் கல்லு ரெண்டு இருந்தா ரெண்டையும் போடுங்க. அப்பறம் இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. என்ன மீன், எத்தன? தொட்டி எத்தன லிட்டர்? தண்ணி கால்வாசி மாத்துனீங்களா, முழுசாவா? பில்டர் கழுவுனீங்களா? எந்த ஊரு, எந்தத் தண்ணி?

பொள்ளாச்சி_அம்மிணி (9:58)
மருந்துன்னா என்ன மருந்து கண்ணு? பேரச் சொல்லு.

மூணடித்தொட்டி (10:03)
கோவைங்க. கோல்டு பிஷ் 6. தொட்டி 3 அடி. தண்ணி கொஞ்சம் எச்சாவே மாத்துனேன். மருந்து கடைக்காரர் குடுத்ததுங்க, நீலமா இருக்கும்.

பழங்குளம் (10:06)
"கொஞ்சம் எச்சா"ன்னா எத்தன லிட்டர்? 3 அடி நீளம் சரி, அகலம் யார் சொல்றது, உயரம் யார் சொல்றது? மாசத்துக்கு ரெண்டு பேரு இதே கேள்வியத் தூக்கிட்டு வர்றீங்க. இதுக்குன்னே எழுதி மேல ஒட்டி வெச்சிருக்கேன், ஒருத்தராவது படிச்சதா நெனப்பில்ல. நான் 14 வருசமா தொட்டி வெச்சிருக்கேன். குளோரின எடுக்கற மருந்து, அந்த ஆன்டி குளோரின், ஒரு பாட்டில் வாங்குனதில்ல. வாயகன்ற பாத்திரத்துல ரெண்டு நாள் வெச்சா குளோரின் தன்னால போயிரும். மீன் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விசயம் இது.

கோபிக்காரன் (10:07)
அண்ணா, மீன் இன்னும் உசுரோட இருக்குதுங்க. பாடம் நாளைக்கு எடுக்கலாம்.

பீளமேடு_பிரபு (10:11)
இது குளோரமினா இருக்கும். வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் சொல்றாங்க. குளோரினோட அமோனியா சேத்தி விடறது. ரெண்டு நாள் வெச்சாலும் சுலுவுல போகாது. அதான் புடிச்சு வெச்ச தண்ணியும் கொல்லுது.

தண்ணிவிடறவன் (10:20)
நான் அன்னூர் பக்கம் ஒரு ஊராட்சில தண்ணி விடற வேலைங்க. குளோரமின்னு ஒண்ண நான் கண்ணால பாத்ததில்ல. எங்களுக்கு வர்றது பிளீச்சிங் பவுடர் மூட்டை. பெரிய திட்டத்துல குளோரின் கேஸ் விடுவாங்க. நல்ல பவுடர்னா மூணுல ஒரு பங்கு குளோரின் இருக்கும். 30,000 லிட்டர் டேங்க்குக்கு 100 கிராம் கரைச்சு ஊத்துனா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பக்கமா வரும். கடைசி வீட்டுக் கொழாய்லயும் 0.2 மில்லிகிராம் இருக்கோணும். அதுக்குத் தலமாட்டுல எச்சாப் போட்டுத்தான் ஆகோணும். பழைய மூட்டைல வீரியம் எறங்கிப் போயிரும். அப்ப ஒரு கை கூட உழுகும். எல்லாரும் தராசுல நிறுத்துத்தான் போடறாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மழ பேஞ்சு கலங்கலா வந்தா இன்னும் எச்சு.

எங்ககிட்ட ஒரு சின்னக் குப்பி இருக்கும். கொழாய்த் தண்ணில சொட்டு விட்டா குளோரினுக்குத் தக்க மஞ்சளாகும். எளமஞ்சளா இருந்தா மனுசன் குடிக்கலாம். ஆரஞ்சு கிட்டப் போச்சுன்னா மீனுக்கு எமன். தம்பி, உங்க வீடு டேங்க்குக்குப் பக்கத்துலயா?

மூணடித்தொட்டி (10:24)
ஆமாங்க, டேங்க் எங்க வீதி மொனைலயேதான். தண்ணி 10, 12 நாளைக்கு ஒருக்கா வரும். 200 லிட்டர் நீல டிரம்ல புடிச்சு வெப்போம்.

கோபிக்காரன் (10:25)
டிரம்முக்கு மூடி போட்டிருந்தீங்களா?

மூணடித்தொட்டி (10:27)
ஆமாங்க, இறுக்கமா. கொசுப்புழு பாக்க வர்றவங்க டிரம் தொறந்து கெடந்தா அபராதம்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கம்மா மூடி மேல கல்லு வேற தூக்கி வெச்சிருவாங்க.

கோபிக்காரன் (10:31)
அப்ப விசயம் அங்கதான் இருக்குது. தண்ணிக்கு மேல காத்து ஓடுனாத்தான் குளோரின் வெளிய போகும். மூடி போட்டு கல்லும் வெச்சா அது எங்கீங்க போகும்? ரெண்டு நாள் வெச்சேன்னு நாள் கணக்குதான் மிச்சம். மூடியத் தொறந்தப்ப நீச்சல் கொளத்து வாசம் வந்துச்சா? இனிமே மூடிக்குப் பதிலா பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு, டிரம் வாய்ல சுத்திக் கவுறு போட்டுக் கட்டுங்க. கொசு உள்ள போகாது, வாசம் வெளிய போகும். உள்ள ஒரு காத்துக் கல்லு ராவெல்லாம் ஓடுனா இன்னும் சுருக்காப் போயிரும்.

மூணடித்தொட்டி (10:33)
வாசம் வந்துச்சுங்க. சரி, இப்ப என்ன பண்றது? கடையெல்லாம் அடச்சாச்சு. பழைய தண்ணியும் வாழைக்கு ஊத்திட்டேன்.

பொள்ளாச்சி_அம்மிணி (10:36)
பொடக்காலில போர் இருக்குதா கண்ணு? போர்ல வர்ற உப்புத் தண்ணில குளோரின் கெடையாது. கோல்டு பிஷ்ஷு கொஞ்சம் உப்புத் தண்ணி தாங்கும், நம்மள மாதிரி மூஞ்சியச் சுளிக்காது. போசில மோந்து ஒசரத்துல இருந்து பக்கெட்டுக்கு நாலஞ்சு தடவ ஊத்து. பூமிக்குள்ள இருந்து வர்ற தண்ணில காத்து கம்மி. அப்பறம் தொட்டில கால்வாசி எடுத்துட்டு இத மெதுவா விடு. அரை மணி கழிச்சு இன்னொரு கால்வாசி. ஒரே மூச்சுல கொட்டிராத. அந்த நீல மருந்து என்னன்னு பாட்டிலப் பாத்துச் சொல்லு.

பழங்குளம் (10:41)
சிறுவாணித் தண்ணிய வெச்சுக்கிட்டு மீனுக்குப் போர் தண்ணி! உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிங்க அது.

பீளமேடு_பிரபு (10:44)
அந்த ரெண்டாவதுங்கற ரேங்க்க எவன் குடிச்சுப் பாத்துப் போட்டான்? சின்ன வயசுல இருந்து கேக்கறேன். மொதல் எதுன்னு கேட்டா ஒருத்தர் நைல்ங்கறார், இன்னொருத்தர் இல்ல அது ஆப்பிரிக்காவுலங்கறார். அதுவுமில்லாம தம்பி கோவைன்னுதான சொன்னார், சிறுவாணின்னு யார் சொன்னது? எங்க வீதில வர்றது பில்லூர் தண்ணி, பவானி ஆத்துது.

பழங்குளம் (10:47)
பில்லூர் குடிக்கறவங்களுக்கு சிறுவாணி அருமை எங்க தெரியப் போகுது.

பொள்ளாச்சி_அம்மிணி (10:49)
ஆழியாறு குடிக்கறவங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?

தண்ணிவிடறவன் (10:53)
ருசி இருக்கட்டுமுங்க. சிறுவாணி அணையே கேரளா எல்லைக்குள்ள இருக்குது. 50 அடி அணைல 45 அடிக்கு மேல தேக்க விடறதில்லைன்னு வருசா வருசம் பேப்பர்ல வருது. அதப் பேச தனியா ஒரு பதிவு போட்டாலும் பத்தாது.

சாயப்பட்டறை_திருப்பூர் (11:05)
இப்பத்தான் பாத்தேன். தம்பி, காலைல கெமிக்கல் கடைல சோடியம் தயோசல்பேட் கால் கிலோ வாங்கி வெச்சுக்கங்க. வருசம் முழுக்கக் காணும். எங்க பட்டறைல அந்தக் காலத்துல துணி பிளீச் பண்ணுனதும் மிச்சக் குளோரின எடுக்க இதைத்தான் போடுவாங்க. போட்டோ ஸ்டூடியோவுல பிலிம் கழுவுனதும் இதேதான். கடைல விக்கற ஆன்டி குளோரின் பல பாட்டில்ல இதைத்தான் தண்ணில கரைச்சு ஊத்தி வெச்சிருக்காங்க. 100 கிராம் ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வெச்சுட்டா, 100 லிட்டர் கொழாய்த் தண்ணிக்கு 10 மில்லி. சும்மா ஒரு கலக்கு, குளோரின் போச்சு. ரெண்டு நாள் காக்கற வேலையே இல்ல.

ஆனா ஒண்ணு, அத முழுசாப் படிச்சுட்டுக் கடைக்குப் போங்க. எல்லாரும் இத ஹைப்போன்னு சொல்லுவாங்க. சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கும் சுருக்கமா அதே பேருதான். அது வேற ஒண்ணுமில்ல, பிளீச்சிங் தண்ணியே. ஒரு தடவ நான் என் மச்சினன்கிட்ட "ஹைப்போ வாங்கிட்டு வா மாப்ள"ன்னு சொல்லிவிட்டேன். அவன் 5 லிட்டர் கேனத் தூக்கிட்டு வந்தான். நான் வெளில இருந்த நேரத்துல நல்லது பண்றேன்னு ஒரு மூடி தொட்டில ஊத்திட்டான். நான் வந்து பாக்கறப்ப மீன் ஒண்ணு கூட மிச்சமில்ல. ஏழு வருசம் வளத்த கோய் ரெண்டு அதுல. இன்னைக்கும் பண்ணை வீட்டு நோம்பிக்கு அவன் வந்தா தொட்டி இருந்த எடத்தப் பாக்க மாட்டான்.

கண்டுபுடிக்கறது சுலுவு. நமக்கு வேண்டியது கல்கண்டு மாதிரி இருக்கும், வாசமே வராது. ஒரு பிடி டம்ளர் தண்ணில கரைச்சா டம்ளர் சில்லுன்னு ஆயிரும். திரவமா, இளம் பச்சை மஞ்சளா, மூக்குல ஏறுச்சுன்னா அந்தக் கேனத் தொடாதீங்க. கடைல ஹைப்போன்னு வாயே தொறக்காம முழுப் பேரையும் காகிதத்துல எழுதிக் குடுங்க.

பீளமேடு_பிரபு (11:12)
பட்டறைக்கு வர்ற சரக்க மீனுக்குப் போடலாமா? சுத்தம் எப்படி இருக்கும்?

சாயப்பட்டறை_திருப்பூர் (11:14)
லேப்புக்கு வர்ற தரம்னு கேட்டா அதும் குடுப்பாங்க. காசு கொஞ்சம் கூட.

பொள்ளாச்சி_அம்மிணி (11:18)
எல்லாரும் குளோரின்லயே நிக்கறீங்க. தம்பி, பில்டர் ஸ்பாஞ்ச கொழாய்ல கழுவுனயா இல்லையா? கோபிக்காரர் கேட்டதுக்கும் பதில் வரல. ஸ்பாஞ்சுல இருக்கற பாக்டீரியாதான் மீன் கழிவு அமோனியாவ அடக்கும். குளோரின் தண்ணில பிழிஞ்சா அதெல்லாம் போச்சு. இன்னைக்கு குளோரின்ல தப்பிச்ச மீன் இன்னும் ரெண்டு மூணு நாள்ல அமோனியால மாட்டும். எடுத்த பழைய தண்ணிலயே ஒரு பக்கெட்ல போட்டுப் பிழியோணும். அப்பறம் நீலம் மெத்திலின் ப்ளூவா இருந்தா, அது பூஞ்சைக்குப் போடற மருந்து. குளோரினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீலமா இருக்கறதெல்லாம் ஆன்டி குளோரின் இல்ல கண்ணு. அதுவும் அந்த பாக்டீரியாவத்தான் மொதல்ல தொடும்.

பழங்குளம் (11:24)
இதெல்லாம் என் பதிவுல 3வது பத்தில இருக்கு.

கோபிக்காரன் (11:40)
தம்பி எங்க போனாப்ல? மீன் எப்படி இருக்குது?

கோபிக்காரன் (மறுநாள், காலைல 7:10)
யாராச்சும் பாத்தீங்களா?

மூணடித்தொட்டி (மூணாம் நாள், மத்தியானம் 1:35)
போர் தண்ணி விட்டேங்க. 4 நல்லா இருக்கு, 2 போச்சு. மூடிதான் காரணம் போல. வேட்டி கட்டியாச்சு, அம்மாதான் திட்டறாங்க. ஸ்பாஞ்ச கொழாய்லதான் கழுவுனேன், தெரியாதுங்க. எல்லாருக்கும் நன்றி.

பொள்ளாச்சி_அம்மிணி (1:41)
நாலுக்கும் ரெண்டு நாளைக்குத் தீனி போடாத. அந்த நீல பாட்டில்ல என்ன எழுதியிருக்குது?

பொள்ளாச்சி_அம்மிணி (அஞ்சாம் நாள், ராத்திரி 8:15)
கண்ணு?