தனி ஆளுக்கு லாபம் சமையலா, மெஸ்ஸா?

வேளச்சேரிவாசி:
வேளச்சேரியில் தனி ரூம். ஜூன் முழுக்கக் கடைச் சாப்பாடு: காலை 60, மதியம் 110, இரவு 90. நாளுக்கு 260, மாதத்துக்கு 7,800. ஞாயிறு பிரியாணி தனிக் கணக்கு. ஜூலையில் குக்கரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கி நானே சமைத்தேன். மளிகை, காய்கறி, பால், முட்டை எல்லாம் சேர்த்து 3,650. பாதிக்கு மேல் மிச்சம். தனி ஆளுக்கு மெஸ்தான் சிக்கனம் என்று போன வாரம் இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் கணக்குப் போட்டுத்தான் சொன்னாரா?

மேன்ஷன்மணி:
சொன்னது நான்தான், போட்டுத்தான் சொன்னேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறேன். மெஸ்ஸில் மாதக் கணக்கு, இரண்டு வேளைக்கு 4,000. காலையில் தள்ளுவண்டியில் நாலு இட்லி 40 ரூபாய், அது ஒரு 1,200. மொத்தம் 5,200.

தம்பி, ஒரு வருஷம் நானும் சமைத்துப் பார்த்தவன். அரிசி பருப்பில் காசு போகாது. போவது காயில். கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கினால் ரசத்துக்கு நாலு இணுக்கு கிள்ளுவேன். மீதி ஃப்ரிட்ஜில் பாலிதீன் கவருக்குள் கறுத்துத் தண்ணீர் விட்டுக் கிடக்கும். தேங்காய் மூடி வழவழவென்று ஆகும். அரைக் கிலோ வெண்டைக்காயில் பாதி முற்றிப்போகும். உங்கள் 3,650-இல் எவ்வளவு வயிற்றுக்குப் போனது, எவ்வளவு குப்பைக்கூடைக்குப் போனது?

இன்னொன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியதே, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதமும் மெஸ்ஸில் அதே 4,000தான். ரசம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

மாவரைக்கிறவள்:
மணி அண்ணே, நீங்கள் 40 கொடுக்கும் நாலு இட்லிக்கு என் வீட்டு விலை சொல்லட்டுமா? இட்லி அரிசி ஒரு கிலோ 48. கால் கிலோ உளுந்து 35. ஒரு டீஸ்பூன் வெந்தயம். பொங்கி வந்தால் ஐம்பத்தைந்து இட்லிக்குக் குறையாது. ஒரு இட்லி ஒன்றரை ரூபாய். கிரைண்டர் இல்லாதவர் கடை மாவு வாங்கினாலும் கிலோ 50, இருபது இட்லி வரும். இரண்டரை ரூபாய்.

தெருமுனை:
ஒன்றரையா? 2013-இல் அம்மா உணவகம் தொடங்கினபோது இட்லி 1 ரூபாய். நான் போகும் இடத்தில் இன்றும் அதே ஒரு ரூபாய்தான். கிரைண்டரும் கழுவ வேண்டாம். 😄

மாவரைக்கிறவள்:
அங்கே பத்து மணிக்கு மேல் போனால் இட்லி கிடைக்குமா? நம் தம்பி எழுந்திருக்கிற நேரத்தைப் பார்த்தால் சாம்பார் சாதம்தான். அதுவும் 5 ரூபாய்தான், குறை சொல்லவில்லை.

மேன்ஷன்மணி:
வேளச்சேரி பதிலே சொல்லவில்லையே. நேர்மையாகச் சொல்லுங்கள், ஜூலையில் ஆப்பில் எத்தனை தடவை ஆர்டர் போட்டீர்கள்?

வேளச்சேரிவாசி:
ஏழு.

மேன்ஷன்மணி:
எவ்வளவு?

வேளச்சேரிவாசி:
1,540. 'இதர செலவு' என்று எழுதி வைத்திருந்தேன். கடையில் 90 ரூபாய்த் தோசை ஆப்பில் 125. அதன்மேல் பேக்கிங், டெலிவரி, ஜிஎஸ்டி. ஒரு தோசை, ஒரு பொடி இட்லி, 220.

மேன்ஷன்மணி:
3,650-உம் 1,540-உம் 5,190. என்னுடையது 5,200. ஒரு மாதம் பாத்திரம் தேய்த்ததற்குப் பத்து ரூபாய் லாபம்! இதில் இண்டக்‌ஷன் கரண்ட் சேரவில்லை. உங்கள் ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்?

வேளச்சேரிவாசி:
9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அவரோடு நின்றுவிடுகிறது. அந்த வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

மாவரைக்கிறவள்:
அந்தப் பத்து ரூபாயைப் பிடித்துத் தொங்காதீர்கள். அந்த ஏழு ராத்திரி என்ன நடந்தது தம்பி?

வேளச்சேரிவாசி:
ஆபீஸிலிருந்து வர ஒன்பதரை ஆகிவிடும். அதற்குமேல் வெங்காயம் உரிக்கத் தெம்பு இல்லை அக்கா.

மாவரைக்கிறவள்:
அதுதான். சமையல் உங்களைக் கவிழ்க்கவில்லை, ஒன்பதரை மணிதான் கவிழ்த்தது. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா மாவும் எள்ளு போட்ட மிளகாய்ப் பொடியும் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் மூன்று தோசை. நாலாம் நாள் மாவு புளித்தால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். நாங்கள் நாலு பேர், மாவு இருக்கிற வாரம் யாரும் ஆப்பைத் தொடுவதில்லை. ஆனால் மணி அண்ணன் சொல்லாத ஒன்று: ஞாயிறு கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது நான். அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. என் வீட்டுக்காரரும் உங்களை மாதிரியேதான் 'எவ்வளவு மிச்சம் பார்' என்பார்.

தெருமுனை:
நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் தெருவில் குழம்பு, கூட்டு, பொரியல் மட்டும் கவரில் கட்டித் தருகிறார்கள். சாம்பார் 30, பொரியல் 20. சோறு மட்டும் வீட்டில் வடித்துக்கொள்கிறேன். கொத்தமல்லியும் கறுக்காது.

வேளச்சேரிவாசி:
இது நல்லா இருக்கே. ஆகஸ்டில் மதியத்துக்கு அப்படி, இரவுக்கு மாவு. 'இதர செலவு' என்ற வரியையே எடுத்துவிடுகிறேன். மாதக் கடைசியில் கணக்கோடு வருகிறேன் மணி அண்ணே.

மேன்ஷன்மணி:
வாருங்கள். இன்று மெஸ்ஸில் வெண்டைக்காய் மோர்க்குழம்பு, உருளை வறுவல், அப்பளம். என் கணக்குக்கு ஒரு வேளை 66 ரூபாய் சொச்சம். அந்த விலைக்குத் தனி ஆளாக இதை வைத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.