கேட்காமலே மாற்றிவிடும் ஷீட்: உங்களுக்கு என்ன நடந்தது?

மல்லிக்கணக்கு:

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். எனக்கு ஃபார்முலா கஷ்டமில்லை, எந்த மெனுவுக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று தேடுவதும் பழகிப்போச்சு. ஆத்திரமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். நாம் அடித்ததை இந்த எக்செல் ஷீட் தானாக மாற்றுகிறது, மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பில் போடும் மென்பொருளிலிருந்து ஏப்ரல் மாதக் கணக்கைச் சிஎஸ்வி ஃபைலாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எடுத்து, கடைக்குப் புதிதாக வந்த லேப்டாப்பில் திறந்தார்கள். தேதி, விவசாயி பெயர், பூ, எடை, விலை, கமிஷன், கொடுக்கவேண்டிய பாக்கி, அவ்வளவுதான் ஷீட். மல்லி விலை எப்படி ஆடும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் அதில் பாதிகூட நிற்காது, மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். எந்தத் தேதிக்கு எந்த விலை என்பதுதான் இங்கே கணக்கின் உயிரே. அந்த லேப்டாப்போ அமெரிக்க முறைத் தேதியில் வந்திருந்தது. 05-04 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அதற்கு மே 4.

எல்லாத் தேதியையும் ஒரே மாதிரித் தப்பாகப் படித்திருந்தால் பார்த்தவுடன் பிடித்திருக்கலாம். அது அப்படிச் செய்யவில்லை. 1 முதல் 12 வரை உள்ள நாட்களை மாதம் என்று எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டது, 13 வந்ததும் பதிமூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் அதிலிருந்து 30 வரைக்கும் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஒரே காலத்தில், அதாவது மேலிருந்து கீழே போகிற ஒரே பத்தியில், பாதி தேதி, பாதி எழுத்து. ஏப்ரல் 4 மட்டும் எப்படிப் படித்தாலும் ஏப்ரல் 4 என்பதால் தப்பித்தது. தேதியாக எடுத்துக்கொண்டவை செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக விட்டவை இடது ஓரத்தில் நிற்கும், கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இது ஒன்றுதான். அழகுக்காக யாராவது மொத்தக் காலத்தையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்த அடையாளமும் போச்சு. அன்றைக்கு அதுதான் நடந்தது.

அப்புறம் தேதிப்படி வரிசைப்படுத்தி, ஏப்ரல் மாதத்துக்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று கூட்டுத்தொகை எடுத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சிதறிப்போன நாட்களெல்லாம் கூட்டலில் வரவேயில்லை. திருமங்கலம் பக்கமிருந்து பூ கொண்டுவருகிற ஒரு பெரியவர் பாக்கி வாங்க வந்தார். அவர் தினமும் எடை போட்டதும் வாங்குகிற துண்டுச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பவர். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார், ஷீட்டில் இருக்கிற தொகை கிட்டவே வரவில்லை. கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகாது ஐயா, சீட்டில்தான் ஏதோ குளறுபடி என்று கல்லாவில் இருந்த தம்பி அவரிடமே சொல்லிவிட்டான். பெரியவர் கோபப்படவில்லை, சீட்டைத் திரும்ப எண்ணினார். உண்மை தெரிந்ததும் முதலாளியிடம் திட்டு வாங்கியது அந்தத் தம்பி. அவன் எதையும் தப்பாக அடிக்கவில்லை. ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தான், அவ்வளவுதான். நாள் எது, மாதம் எது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதாதா? கேட்காமல் ஊகித்தது மென்பொருள், பெயர் கெட்டது ஒரு பையனுக்கு. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்வதே இல்லை. வெற்று ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து எடுக்கிற வழியாகப் போய், தேதிக் காலம் நாள்-மாதம்-வருடம் என்று நாமே சொல்லிக் கொடுத்து இறக்குகிறோம். விண்டோஸில் ரீஜனையும் இந்தியா என்று மாற்றிவிட்டோம். அதில் இன்னொரு நன்மை, 100,000 என்று காட்டிக்கொண்டிருந்தது 1,00,000 என்று நம் முறையில் வருகிறது.

உசிலைக்காரி:

அண்ணே, உங்களுக்குத் தேதி என்றால் எங்களுக்கு நம்பர். உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர் பட்டியலில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் மூன்றும் இருக்கும். ஆதார் 12 இலக்கம்தான், ஆனாலும் அடித்து முடித்ததும் நடுவில் ஒரு புள்ளியும் கடைசியில் ஈ பிளஸ் 11 என்றும் காட்டும். அது பார்வைக்குத்தான் கோளாறு, உள்ளே எண் முழுசாக இருக்கும், எண்ணாகக் காட்டச் சொன்னால் சரியாகிவிடும்.

கணக்கு எண் விஷயம் அப்படியில்லை. சில வங்கிகளில் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைக்கும்தான் நினைவில் வைக்கும், பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் 0 ஆக்கிவிடும். எச்சரிக்கைப் பெட்டி கிடையாது, சிவப்பு நிறம் கிடையாது, ஒன்றுமே கிடையாது. பிறகு அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போன இலக்கம் திரும்பி வராது, ஏனென்றால் அது அந்த ஃபைலிலேயே இல்லை. எங்கள் பட்டியலை வங்கியில் கொடுத்து, பணம் ஏறவில்லை என்று திரும்பி வந்தபோது, எண்ணைக்கூடச் சரியாகப் பார்த்து எழுதத் தெரியாதா என்று பெண்களைத்தான் கேட்டார்கள். பாஸ்புக்கை மடியில் வைத்து ஒவ்வோர் எண்ணாக வாசித்துக் காட்டியவர்கள் அவர்கள். களை எடுக்கப் போகவேண்டிய நாளில் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்றார்கள்.

எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்த ஷீட்டையே சிஎஸ்வியாகச் சேமித்து, யாராவது மறுபடி டபுள் கிளிக் செய்து திறந்தால் குறி போயிருக்கும், திரும்பவும் 0 வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் பழைய பட்டியல்களில் எதெது இப்படிப் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா அண்ணே?

சாக்பீஸ்:

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நான் சார்ட் பற்றிச் சொல்கிறேன். இரண்டே காலம், ஆண்டு, தேர்ச்சி சதவீதம். இரண்டையும் தேர்ந்தெடுத்து கம்பம் போட்ட சார்ட் கேட்டால் என்ன வரவேண்டும்? கீழே ஆண்டு, மேலே சதவீதம். ஆனால் ஆண்டும் எண்தானே, அதனால் அதையும் அளக்கவேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டு 2019, 2020 என்று வானளவுக்குக் கம்பம் எழுப்பிவிடும். பக்கவாட்டில் அச்சு 0 முதல் 2500 வரை. எங்கள் பிள்ளைகளின் தேர்ச்சி சதவீதம் தரையோடு தரையாகக் கிடக்கும், கீழே ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் 1, 2, 3, 4. பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களில் பலர் இதைப் பார்த்ததும் நமக்குக் கம்ப்யூட்டர் வராது என்று எழுந்தே போய்விட்டார்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்தவர்கள். இது அவர்கள் குறையே இல்லை என்று எத்தனை சொன்னாலும் கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை.

சின்ன வழி இருக்கிறது. 'ஆண்டு' என்ற தலைப்பை மட்டும் அழித்து அந்த மூலைச் செல்லைக் காலியாக விட்டுவிட்டு சார்ட் போடுங்கள், பெரும்பாலும் சரியாக வரும். சார்ட் வந்தபிறகு தலைப்பைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இதை ஒருவர் சொல்லித் தராமல் யாரால் ஊகிக்க முடியும்?

மாணவர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் சிஎஸ்வியாக இறக்கித் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் போட்ட முத்திரையுமாக வருவது இன்னொரு தொல்லை. ஃபைல் கெடவில்லை, பதறவேண்டாம், திறந்த முறைதான் தப்பு. மல்லிக்கணக்கு சொன்ன அதே வழியில் போய் எழுத்துக் குறியீட்டு முறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் ஒழுங்காக வந்துவிடும். அந்த அலங்கோலத்தோடு மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

கடைமடை மேலூர்:

சார், சார்ட் என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் பெரியாறு வாய்க்காலில் கடைமடை விவசாயிகள், வைகை அணையில் எத்தனை அடி என்பதைப் பார்த்துத்தான் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம். அணையின் முழு உயரம் 71 அடி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படித்த தம்பி ஒருவர் நீர்மட்டத்தைக் கம்பமாகப் போட்டு அனுப்புவார், நல்ல மனசோடு செய்கிற வேலை. ஒருமுறை 69-லிருந்து 60-க்கு மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. படத்தில் பார்த்தால் முதல் கம்பம் நிமிர்ந்து நிற்கிறது, கடைசிக் கம்பம் அதில் பாதிகூட இல்லை. அணை வற்றப்போகிறது என்று குழுவில் ஒரே பேச்சு. சிலர் விதைநெல்லை எடுக்காமலே விட்டார்கள்.

விஷயம் என்னவென்றால் அச்சு 0-வில் தொடங்கவில்லை, 55-க்குப் பக்கத்தில் தொடங்கியிருந்தது. தம்பி அப்படி வைக்கவில்லை. மிகச்சிறிய எண்ணுக்கும் மிகப்பெரிய எண்ணுக்கும் இடைவெளி, பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் எக்செல் தானாகவே கம்பத்தின் அடிப்பகுதியை வெட்டிவிடுமாம். கோடு போட்ட படத்தில் அது பரவாயில்லை, ஏற்ற இறக்கம் தெரியும். கம்பத்தில் அப்படிச் செய்யக்கூடாது, ஏனென்றால் கம்பத்தை எல்லோரும் உயரத்தை வைத்துத்தான் படிப்பார்கள். அச்சை ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் ஆக்சிஸில் மினிமம் என்ற இடத்தில் 0 என்று நாமே எழுதவேண்டும். அதிலும் அடி மட்டும் பார்த்தால் போதாது, மேல் அடிகளில் தண்ணீர் அதிகம் நிற்கும், கீழே குறைவு, அதனால் இருப்பு எத்தனை மில்லியன் கன அடி என்பதையும் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் அடிப்பகுதியை வெட்டியிருக்கிறேன் என்று ஒரு குறியாவது அந்தப் படத்தில் தானாக வரவேண்டுமா இல்லையா?

கீழமாசி:

மளிகை மொத்தக் கடை. துவரம்பருப்பு ரகங்களை மட்டும் ஃபில்டர் செய்து வைத்துக்கொண்டு புது விலைகளை மொத்தமாக ஒட்டினோம். மறைந்திருந்த உளுந்து, பாசிப்பருப்பு வரிசைகளிலும் அந்த விலை போய் உட்கார்ந்துவிட்டது. ஃபில்டரை எடுக்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. வேறென்ன சொல்ல.

மல்லிக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. படித்துப் பார்த்தால் பூ, குழு, பள்ளி, அணை எல்லாவற்றிலும் வியாதி ஒன்றுதான், சொல்லாமல் செய்வது. பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில் கொரோனா முடிவுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, மிஞ்சியவை விடுபட்டுப்போய் 15,841 பேரின் பெயர்கள் அன்றாடக் கணக்கில் வராமல் போயின. அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் போவதும் தள்ளிப்போனது. புதிய வகை ஃபைலில் 10,48,576 வரிசை வரை இடம் உண்டு, பழையதையே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாறிவிடுங்கள்.

விஞ்ஞானிகளும் இதில் மாட்டியவர்கள்தான். 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்த மரபணுக்களுக்கே வேறு பெயர் வைத்தார்கள். தானாக மாற்றுவதை நிறுத்துகிற வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் கொடுத்தது. ஆப்ஷன்ஸில் டேட்டா என்ற பகுதியில் பாருங்கள், சிஎஸ்வி திறக்கும்போது இப்படி மாற்றம் நடந்தால் எச்சரிக்கச் சொல்லும் டிக்கும் அங்கேதான் இருக்கிறது. நாள்-மாதக் குழப்பத்துக்கு அது மருந்தில்லை, ஆனால் உசிலை அக்காவின் 16 இலக்கத்துக்கும், முன்னால் இருக்கிற 0 காணாமல் போவதற்கும் உதவும்.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு: பழைய பட்டியலில் கணக்கு எண் காலத்தில் ஒரு செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையில் தெரிகிற எண்ணைப் பாருங்கள், ஷீட்டில் தெரிவதை நம்பவேண்டாம். 16 இலக்கம் இருந்து 0-வில் முடிகிற எண்களை மட்டும் தனியாக எடுத்து பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு எண் உண்மையிலேயே 0-வில் முடியலாம், ஒரு குழு முழுக்க 0-வில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். இனிமேல் அடிக்கும்போது, முதல் எண்ணை அடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். வங்கிக்குச் சிஎஸ்வியாக அனுப்பவேண்டாம், ஷீட்டாகவே அனுப்புங்கள், கூடவே ஒரு பிரிண்ட்டும் கையில் கொடுத்துவிடுங்கள்.