பாட்டியை கோலாலம்பூர் (கே.எல்.) டம்ப்ளிங் கடைக்கு அழைத்துப் போகிறோம், என்ன ஆர்டர் செய்யலாம்?

மல்லி_பத்தாங்காலி:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்குக் கே.எல்.லில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளம் கைக்கு வந்ததும், "பாட்டிக்கு நான்தான் சாப்பாடு வாங்கித் தருவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் பார்த்து வைத்திருப்பது மிட்வெலி மாலில் ஒரு டம்ப்ளிங் கடை, மாவுக்குள் உள்ளீடு வைத்து மடித்து வேகவைப்பார்களே, அதுதான். சனி ஞாயிறில் வாசலில் நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். கூட வேலை செய்யும் மலாய்த் தோழியும் வருகிறாள். அதனால் பன்றி இறைச்சி இல்லாத கடையாகத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

பாட்டி, அதாவது என் அம்மா, ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகுதான் நாங்கள் டவுனுக்கு வந்தோம். சீனச் சாப்பாடு அவருக்குப் புதிதில்லை. சந்தைப் பக்கத்துக் கோப்பிக் கடையில் கோழிப் பாவ் (உள்ளே கோழி வைத்து ஆவியில் அவித்த பன்) வாங்கி வந்தால், அடியில் ஒட்டிய தாளைப் பொறுமையாக உரிப்பார். மேல் தோலைத் தனியாகப் பிய்த்துத் தேநீரில் தொட்டுத் தின்பார். உள்ளே இருக்கும் கோழிதான் கடைசி. பன்றிப் பெரட்டல் எங்கள் வீட்டில் தீபாவளிக்கே உண்டு. ஆனால் மாட்டிறைச்சி மட்டும் ஆகவே ஆகாது. அது வெந்த சட்டியில் வேறு எதைச் சமைத்தாலும் சாப்பிட மாட்டார்.

இன்னொரு விஷயம் அவருடைய விரல்கள். வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. குச்சி பிடிப்பது நடக்காத காரியம். நேற்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அங்க கையால சாப்பிட்டா யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்களா?" அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அந்தக் கைதான் எங்களை எல்லாம் ஆளாக்கியது. மற்றவர்கள் சாப்பிட, அம்மா அங்கே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. என்ன ஆர்டர் செய்வது, எப்படிச் சாப்பிடுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவிக்கூடை:

அக்கா, நான் ரவாங்கில் இருக்கிறேன். கே.எல்.லில் ஒரு டம்ப்ளிங் கடைச் சமையலறையில் வேலை செய்தவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் மாட்டிறைச்சி. பன்றி இல்லாத சீனக் கடைகளில் பல, அந்த இடத்தில் மாட்டிறைச்சியைக் கொண்டுவந்துவிடும். தைவான் பாணிக் கடை என்றால் பீஃப் மீ (நூடுல்ஸ்) சூப் அநேகமாக இருக்கும். தண்ணீரில் வேகவைக்கும் டம்ப்ளிங், மீ இரண்டையும் ஒரே பெரிய அண்டாவில் போட்டு எடுப்பார்கள். எண்ணெயில் பொரிப்பதும் அப்படித்தான், ஒரே தட்டையான சட்டி. அதனால் பாட்டிக்கு ஆவியில் வேகும் ஐட்டங்களாகச் சொல்லுங்கள். மூங்கில் கூடையில் வைத்து, அந்தக் கூடையோடேயே மேசைக்கு வரும். ஆனால் அடுக்கி வைத்து அவிக்கும்போது மேல் கூடையின் நீர் கீழே சொட்டும். ஆகவே மாட்டிறைச்சி டம்ப்ளிங்கும் விற்கிற கடையா என்று முன்கூட்டியே போனில் கேட்பது நல்லது. "அலர்ஜி" என்று பொய் சொல்லத் தேவையில்லை. "பாட்டி இந்து, மாடு சாப்பிட மாட்டார், கூடையைத் தனியாக வையுங்கள்" என்றால் மலேசியாவில் எந்த சமையல்காரருக்கும் புரியும்.

அடுத்து சியாவ் லோங் பாவ். பேத்தி கட்டாயம் அதைத்தான் சொல்வாள், உள்ளே சூப் இருக்கும் அந்தச் சின்ன டம்ப்ளிங். எப்படி உள்ளே சூப் போகிறது என்று பாட்டி கேட்டால் இதைச் சொல்லுங்கள். கோழிக்கால், கோழித்தோல் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்து வடித்த சூப்பைக் குளிரில் வைத்தால் அகர் அகர் மாதிரி உறைந்துவிடும். (பன்றிக் கடையில் பன்றித்தோல்.) அதை நறுக்கி இறைச்சியோடு பிசைந்து மாவில் மடிப்பார்கள். ஆவி பட்டதும் உருகி மறுபடி சூப்பாகிவிடும். ஷாங்ஹாய் பக்கத்து நான்சியாங்கில் பிறந்த பண்டம் இது. உலகமெல்லாம் வரிசையில் நிற்க வைத்தது தைவான் தலைநகர் தைப்பேயின் தின் தை ஃபொங் என்ற கடை. 1958இல் சமையல் எண்ணெய் விற்ற கடை, 1972இல் டம்ப்ளிங்குக்கு மாறியது. அங்கே ஒன்றுக்கு 5 கிராம் மாவு, 16 கிராம் உள்ளீடு, 18 மடிப்பு. தராசில் வைத்துப் பார்த்துத்தான் மடிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மடிப்பவர்களைப் பார்க்கிற மாதிரி கடை என்றால், பாட்டியை அந்தப் பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். கைவேலை தெரிந்தவர், ரசிப்பார்.

சாப்பிடும் விதம் முக்கியம். முள்கரண்டியைத் தொடவே வேண்டாம். குத்தினால் சூப் எல்லாம் கூடையிலேயே கொட்டிவிடும். பேத்தி குச்சியால் மேல் முடிச்சைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, பாட்டியின் சூப் கரண்டியில் வைக்கட்டும். ஓரத்தில் சின்ன ஓட்டை. ஆவி வெளியே போகட்டும், கொஞ்சம் பொறுக்கட்டும். சூப்பை உறிஞ்சிய பிறகு இஞ்சி இரண்டு கீற்று, கறுப்புக் காடி ஒரு சொட்டு, அப்புறம் முழுதாக வாயில். காடி மூன்று பங்குக்குச் சோயா ஒரு பங்கு. சூடு தெரியாமல் முழுதாகப் போட்டுக்கொண்டு வாய் வெந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரொம்ப ஆறவும் விடக்கூடாது, தோல் தாளோடு ஒட்டிக் கிழிந்துவிடும்.

கையால் சாப்பிடுவது பற்றி: பாவ் என்பதே கையால் சாப்பிடும் பண்டம். சீனப் பாட்டிகளும் கையால்தான் பிய்க்கிறார்கள். கோழிப் பாவ், சிவப்பு அவரைப் பாவ் இரண்டும் ஆர்டரில் இருக்கட்டும். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் அக்கா. கை துடைக்க ஈரத்துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள்.

பினாங்கு_பாய்:

அந்த மலாய்த் தோழிக்காக ஒரு வார்த்தை. "போர்க் ஃப்ரீ" என்று எழுதியிருப்பதும் ஹலாலும் ஒன்றல்ல. ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பன்றி இல்லாத கடையிலும் உள்ளீட்டில் சீனச் சமையல் வைன் சேர்ப்பதுண்டு, கோழி எங்கே அறுத்தது என்பதும் இருக்கிறது. எங்கள் வீட்டில் சான்றிதழ் இல்லாத கடையில் சாப்பிட மாட்டோம். சிலர் சாப்பிடுவார்கள், அது அவரவர் விருப்பம். கடைப் பெயரை முன்கூட்டியே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால், அங்கே வந்து உட்கார்ந்த பிறகு அவருக்குச் சங்கடம் இருக்காது.

செந்தூல்_செல்வி:

மல்லி, காரில் வராதீங்க, சனிக்கிழமை மிட்வெலியில் பார்க்கிங் கிடைப்பதற்குள் பாட்டிக்குப் பசி போய்விடும். பத்தாங் காலியில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குங்க. அங்கே சிரம்பான் பக்கம் போகும் கொமுட்டருக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே மிட்வெலி. மால் திறந்த கையோடு போனால் வரிசை இருக்காது.

பில் விஷயம்: நாங்கள் போன ஒரு கடையில் உட்கார்ந்ததும் வேர்க்கடலை, ஊறுகாய், ஈரத்துண்டு என்று மேசையில் வைத்தார்கள். எல்லாம் பில்லில் வந்தது, என் மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். வேண்டாதது என்றால் வைக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்க. சீனத் தேநீருக்கும் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அதுக்கு மேல் பல கடைகளில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி. 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டால் ஏறக்குறைய 116 வெள்ளி. முதல் சம்பளக்காரப் பிள்ளை, அவளுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

மல்லி_பத்தாங்காலி:

ரொம்ப நன்றி. ஆவிக்கூடை தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மடிப்பின் கணக்கையும் தராசையும் கேட்டதும் "அப்போ அதுவும் கூலி வேலைதான், வேகமா மடிக்கணும்ல" என்றார். கண்ணாடிப் பக்கம் உட்கார வேண்டும் என்று இப்போது அவரே சொல்கிறார்.

பினாங்கு பாய் சொன்னபடி அண்ணன் மகள் தோழியிடம் கேட்டாள். சான்றிதழ் இருந்தால்தான் நிம்மதி என்றாளாம், அதனால் கடையை மாற்றுகிறார்கள். ஹலால் சான்றிதழ் உள்ள ஒரு கடை அதே பக்கத்தில் கிடைத்திருக்கிறது. போன் செய்து கேட்டோம். மாட்டிறைச்சி மீ சூப்பில் மட்டும்தான், டம்ப்ளிங் எல்லாம் கோழி, இறால், காய்கறி. பாட்டிக்குத் தனிக் கூடையில் அவித்துத் தருகிறோம் என்றார்கள். எங்கள் ஆர்டர்: சூப் டம்ப்ளிங் இரண்டு கூடை, கோழிப் பாவ், இறால் டம்ப்ளிங், பூண்டு போட்டு வதக்கிய கீரை, கடைசியில் சிவப்பு அவரைப் பாவ். மீ யாருக்கும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. பில்லை நான் பாதி ஏற்கிறேன் என்றேன், அண்ணன் மகள் கேட்கவே இல்லை.