பூட்டிக் கிடக்கும் கடைவீதிகள்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

நகர மையத்துக் கடைவீதிகள் ஏன் வெறிச்சோடுகின்றன என்று கேட்டால், பெரும்பாலோர் இணைய வணிகத்தைக் கைகாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்த விடை தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பிந்தி வந்து சேர்ந்த காரணம். முழுவதும் மூடிய, குளிர்சாதன வசதியுள்ள முதல் மால் எனப்படும் சவுத்டேல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற புறநகரில் 1956இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதை வடிவமைத்த விக்டர் குரூன், 1938இல் வியன்னாவிலிருந்து வெளியேறி அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞர். அந்தக் கட்டடத்தைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவ வசதிகளும் பூங்காவும் அமைந்து, சிதறிக் கிடக்கும் புறநகருக்கு ஒரு மையம் கிடைக்கும் என்பது அவர் கனவு. நடைமுறையில் மால்களைச் சூழ்ந்து நின்றவை கார் நிறுத்துமிடங்களே. தம் எண்ணத்தைச் சிதைத்துப் பெருகிய அந்த மால்களுக்கும் தமக்கும் உறவில்லை என்று பிற்காலத்தில் அவரே கைகழுவினார்.

ஆக, இணையத்தில் பொருள் வாங்கும் பழக்கம் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கூட்டம் இடம்பெயரத் தொடங்கிவிட்டது. கடையில் நின்றவர்கள், கடையை வாடகைக்கு விட்டவர்கள், திட்டம் தீட்டியவர்கள் என யாராயினும் நேரில் கண்டதை எழுதுங்கள். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம்.

பல்பொருள் அங்காடியில் பிரிவு மேலாளராக இருந்தவர்

நகரின் நட்டநடுவில் நின்ற நான்கு மாடி அங்காடியொன்றில் ஆண்கள் ஆடைப் பிரிவைக் கவனித்துவந்தேன். மூடப்போகிறோம் என்று பலகை வைத்த பிறகு, அதுவரை எங்கள் வாசற்படியை மிதிக்காதவர்கள்கூடக் தள்ளுபடி விற்பனைக்கு முண்டியடித்து வந்தார்கள். சரக்கு தீர்ந்ததும் அலமாரிகளிலும் ஆளுயரக் கண்ணாடிகளிலும் விலைச்சீட்டு ஒட்டினோம். தையற்காரர் ஒருவர் கையில்லாத பொம்மைகள் மூன்றை வாங்கிக் காரின் பின்னிருக்கையில் வரிசையாக உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, அத்தனை வருத்தத்திலும் நாங்கள் சிரித்துவிட்டோம்.

வியாபாரம் படுத்துவிட்டதால் மூடினார்கள் என்றுதான் வெளியே பேச்சு. கல்லாவுக்கு வந்த பணம் சரக்குக்கும் சம்பளத்துக்கும் போதுமானதாகவே இருந்தது, வாடகைக்குத்தான் எட்டவில்லை. கட்டடம் ஒருகாலத்தில் நிறுவனத்தின் சொந்தச் சொத்து. நிறுவனத்தைக் கைப்பற்றிய முதலீட்டாளர்கள் அதை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு, அதே கட்டடத்தை ஆண்டுதோறும் வாடகை ஏறும் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார்கள். சொந்த வீட்டை விற்று அதிலேயே குடக்கூலிக்கு இருப்பவனின் நிலைதான் எங்களுடையது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததுமன்று. பிரிட்டனில் டெபனம்ஸ் நிறுவனம் 2005இல் தன் 23 கட்டடங்களை 49.5 கோடி பவுண்டுக்கு விற்று, அவற்றையே நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. 2021 மே மாதத்தில் அதன் கடைசிக் கிளைகளும் மூடப்பட்டன. இடையில் இணைய வணிகமும் பெருந்தொற்றும் வந்தன என்பது உண்மையே. ஆனால் கட்டடங்கள் கையிலிருந்திருந்தால் அந்த அடியைத் தாங்கும் வலு கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நாங்கள் மூடிய பிறகு பக்கத்துத் தெருவில் சாவி வெட்டுபவரும் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அடுத்தடுத்துக் கடையைக் காலிசெய்தார்கள். அங்காடிக்கு வந்தவர்கள் போகிற போக்கில் கொடுத்த வேலையே அவர்களுக்கு வருமானம். இப்படிப்பட்ட பெரிய கடை போகும்போது அதோடு போகும் சிறிய கடைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வணிகச் சொத்து மதிப்பீட்டாளர்

மேலே நண்பர் எழுதியதன் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிக் கிடக்கும் கடைக்கு ஏன் வாடகையைக் குறைத்து ஆள் பிடிப்பதில்லை என்ற கேள்வி, விடை மிக எளிதுபோல் தோன்றுவதாலேயே, பலரை ஏமாற்றுகிறது.

ஒரு முறை, இரண்டாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த முனைக்கடையைப் பார்க்க இளம் தம்பதியர் வந்தனர். பழைய மிதிவண்டிகளைப் புதுப்பித்து விற்பது அவர்கள் தொழில். கேட்ட வாடகையில் பாதியைத் தருவதாகவும், கூரைக் கசிவைத் தாங்களே சரிசெய்துகொள்வதாகவும் சொன்னார்கள். உரிமையாளரிடம் நான் பரிந்து பேசினேன். அவர் கோபப்படவில்லை, ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வரிசையில் ஏழு கடைகள் அவருடையவை. ஏழின் மதிப்பும் வாடகையை வைத்தே கணக்கிடப்பட்டு, அந்த மதிப்பின் மேல்தான் வங்கிக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. ஒரு கடையைப் பாதி வாடகைக்கு விட்டால் அது ஒப்பந்தமாகப் பதிவாகும்; அடுத்த வாடகைப் பேச்சில் மற்ற ஆறு பேரும் அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்; வரிசை முழுவதன் மதிப்பும் சரியும்; கடனுக்கு ஈடு போதவில்லை என்று வங்கி கழுத்தைப் பிடிக்கும். கடை பூட்டிக் கிடந்தாலோ, பழைய வாடகை காகிதத்திலாவது உயிரோடு இருக்கும். "நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வாடகையைக் குறைக்காமல் முதல் ஆறு மாதத்தையோ ஓராண்டையோ வாடகையின்றி விடும் தந்திரம் எங்கள் தொழிலில் பரவலாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? பிரிட்டனில் வாடகை மறுஆய்வு மேல்நோக்கி மட்டுமே செல்லும் என்ற நிபந்தனை குத்தகைப் பத்திரங்களில் வழக்கமாகவே இடம்பெற்றுவந்தது. சந்தை சரிந்தாலும் வாடகை சரியாது. இத்தகைய ஏற்பாட்டில் அகப்பட்ட கடைவீதிக்குப் பூந்தொட்டியும் அலங்கார விளக்கும் வைப்பதால் என்ன மாறப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுபொருள் கடைக்காரர்

வாடகையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாலில் காரை நிறுத்தக் காசு வாங்குவதில்லை. எங்கள் தெருவில் காசும் கொடுத்து இடத்தையும் தேட வேண்டும். வாடிக்கையாளர் எங்கே போவார்?

நகரமைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

கடைக்காரரின் ஆதங்கம் எனக்குப் புதிதல்ல. பணியிலிருந்த காலமெல்லாம் கேட்டதுதான். ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது, ஒவ்வொரு கடை வாசலிலும் ஆளை நிறுத்தி, உள்ளே வருபவர் எதில் வந்தார் என்று மட்டும் கேட்டுக் குறிக்கச் சொன்னோம். காரில் வந்தவர்கள், கடைக்காரர்கள் எண்ணியதைவிட மிகக் குறைவாக இருந்தார்கள். முதலில் அந்தத் தாளை நம்ப மறுத்தவர்களே, மறுநாள் தாங்களாக வாசலில் நின்று எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் நடந்த ஆய்விலும் இதுவே தெரிந்தது: வாடிக்கையாளர்களில் 41 சதவீதத்தினர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் கருதினார்கள், உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதத்தினர். கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. இடம் கிடைக்கவில்லை என்று முறையிடுபவர் நினைவில் தங்குகிறார். நடந்து வந்து பென்சில் வாங்கிப் போகிறவர் தங்குவதில்லை.

அதே வேளையில், வண்டிகளைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்க்கட்சியிலும் நான் சேரமாட்டேன். கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெரு 1962இல் கடைக்காரர்களின் எதிர்ப்புக்கிடையே சோதனையாக நடைவீதியாக்கப்பட்டு, 1964இல் நிரந்தரமானது. இன்றும் கூட்டம் குறையவில்லை. ஆனால் அமெரிக்காவின் கலமசூ நகரம், முன்பு பேசப்பட்ட அதே குரூனின் திட்டத்தைத் தழுவி, 1959இலேயே தன் முதன்மைத் தெருவை நடைவீதியாக்கியது. 1998இல் அதன் ஒரு பகுதியை மீண்டும் வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. அதைப் பார்த்து மற்ற அமெரிக்க நகரங்கள் அமைத்த நடைவீதிகளிலும் பெரும்பாலானவை பின்னர் கைவிடப்பட்டன. கோபன்ஹேகனில் நடந்து வரும் தொலைவில் மக்கள் குடியிருந்தார்கள். அமெரிக்க நகர மையங்களிலிருந்து குடியிருப்பவர்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். தெருவுக்குக் கல் பதித்துவிட்டால் நடக்க ஆள் வந்துவிடுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடைகளின் எண்ணிக்கையே அளவுக்கு மிஞ்சிவிட்ட ஊர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகராட்சி, நகர மையத்திலிருந்த கேசில்கேட் வணிக வளாகத்தை விலைக்கு வாங்கி இடித்து, அவ்விடத்தில் ஆற்றங்கரைப் பூங்கா அமைக்கும் வேலையில் இறங்கியது. நான் பணியிலிருந்தபோது யாராவது இப்படியொரு யோசனையைச் சொல்லியிருந்தால் கூட்டத்திலிருந்தே வெளியேற்றியிருப்பார்கள்.

பணி நிமித்தம் ஜப்பான் சென்றுவந்தவர்

ஜப்பானில் பூட்டிய கடைகள் நிறைந்த வீதிகளுக்கு "ஷட்டர் தெரு" என்றே பெயர் வழங்குகிறது. அப்படிப்பட்ட பல வீதிகளைக் கடந்து தகமட்சு நகரின் மருகமேமாச்சி கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வேறு நாட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள அந்த வீதியின் முனையில் குடைபோன்ற கண்ணாடிக் கவிகை, இருபுறமும் கடைகள், அவற்றின் மேல் அடுக்குமாடி வீடுகள், நடுவே ஒரு மருத்துவமனை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த முதியவர்கள் கவிகையின் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைவீதிக்குள் மருத்துவமனையைக் கொண்டுவந்ததற்கு இதைவிட வேறென்ன நியாயம் வேண்டும்?

அந்த வீதி தோன்றிய நானூறாம் ஆண்டு விழாவை 1988இல் கொண்டாடியபோது, ஐந்நூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாட இந்த வீதி இருக்குமா என்ற கேள்வி வணிகர்களிடையே எழுந்ததாம். மால் என்றால் அதை ஒருவர் நிர்வகிக்கிறார், எந்தக் கடை எங்கே இருக்கவேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார். வீதியிலோ ஆளுக்கொரு துண்டு நிலம், ஆளுக்கொரு முடிவு. இதைச் சரிசெய்ய அவர்கள் பிடித்த வழி சிக்கலானது. நில உரிமையாளர்கள் நிலத்தை விற்கவில்லை; தாங்களே முன்னின்று அமைத்த நிறுவனத்துக்கு அறுபதாண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கட்டடங்களைக் கட்டுவதும், எந்தக் கடை வேண்டும் என்று தேடிப் பிடிப்பதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. முதல் பகுதி 2006இல் முடிந்தது. உரிமையாளர்களுக்கு நிலையான வாடகை இல்லை. வீதியின் வருமானம் ஏறினால் அவர்கள் பங்கு ஏறும், இறங்கினால் இறங்கும். மதிப்பீட்டாளர் எழுதிய, ஏழு கடைகளின் உரிமையாளர் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்திருந்தால், பூட்டிய முனைக்கடை அவர் பணப்பையையே நேராகக் கடித்திருக்கும்.

விழாவிலிருந்து முதல் பகுதி முடியும்வரை ஏறத்தாழ இருபதாண்டு ஆயிற்று என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

வணிகச் சொத்து மதிப்பீட்டாளர்

இருபதாண்டு காத்திருக்க முடியாத ஊர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008இல் மார்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய ரின்யூ நியூகாசில் அமைப்பு, உரிமையாளர்களிடம் குத்தகையே கேட்கவில்லை. முப்பது நாள் முன்னறிவிப்பில் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய பயன்பாட்டு அனுமதியை மட்டும் கேட்டது. குத்தகை இல்லையென்றால் குறைந்த வாடகை எங்கும் பதிவாகாது, மதிப்பும் குலையாது, நல்ல வாடகைக்காரர் வந்தால் கடை உடனே கைக்கு வரும். பூட்டிக் கிடந்த கடைகளில் கைவினைஞர்களும் ஓவியர்களும் குடியேறினார்கள். சிலர் கால் ஊன்றியதும் முழு வாடகைக்கு மாறினார்கள். என் உரிமையாளரிடம் அன்று இப்படியொரு தாளை நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

இங்கிலாந்து கடுமையான வழியில் போயிருக்கிறது. இரண்டாண்டுக் காலத்தில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையின் குத்தகையை நகராட்சியே ஏலம் விடலாம் என்ற அதிகாரம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை குத்தகை அமையலாம். ஏலம் நடப்பதைவிட, நடக்கக்கூடும் என்ற அச்சமே உரிமையாளர்களைப் பேச்சுக்கு இழுத்துவரும் என்பது என் கணிப்பு.

கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்

வீடுகள் வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். கடைவீதியில் வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஏறத்தான் வழியில்லை. நான் வீடு தேடியபோது, தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் திரைச்சீலை இல்லாத சன்னல்களே வரிசையாகத் தெரிந்தன. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. முகப்புக் கண்ணாடியை அகலப்படுத்துவதற்காகப் பழைய பக்கவாசலையும் மாடிப்படியையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மாடிக்குப் போக வேண்டுமென்றால் கடைக்குள் புகுந்து, சரக்கறையைக் கடந்துதான் போகவேண்டும். கடை அடைத்த பிறகு வீட்டுக்குப் போவது எப்படி?

நான் இப்போது குடியிருக்கும் கட்டடத்தில் உரிமையாளர் பின்பக்கச் சந்தில் இரும்புப் படிக்கட்டு போட்டு, தபால் பெட்டியும் தனி மின்னிணைப்பும் வைத்துக் கொடுத்தார். கடைக்காரருக்கு முகப்பில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. மாடியில் நான்கு குடும்பங்கள் வந்த பிறகு, கீழே மாலை ஆறு மணிக்கு மூடிக்கொண்டிருந்த மருந்துக்கடை ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. பக்கத்துக் கட்டட உரிமையாளரும் அதே படிக்கட்டைத் தம் மாடிவரை நீட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். இரண்டு கட்டடங்களுக்கும் தீப்பிடித்தால் தப்பிச் செல்ல ஒரே வழி போதுமா என்பதில் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் இன்னும் வரவில்லை.