கனசாவா கலை அருங்காட்சியகம்: பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானின் கனசாவா நகரில் 2004 அக்டோபரில் திறக்கப்பட்ட 21ஆம் நூற்றாண்டுத் தற்காலக் கலை அருங்காட்சியகம், தன் ஊர்ப் பிள்ளைகளோடு வளர்த்துவரும் உறவைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கசுயோ செஜிமாவும் ரியூயே நிஷிசாவாவும் வடிவமைத்த அந்த வட்டக் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதமே இல்லை. காட்சிக் கூடங்களுக்குத்தான் சீட்டு வேண்டும், மற்றப் பொதுப் பகுதியில் எவரும் கட்டணமின்றி நடமாடலாம்.

திறந்த புதிதில் நகரின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அனைவரையும் அழைத்த அருங்காட்சியகம், பின்னர் ஆண்டுதோறும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைக்கத் தொடங்கியது. ஒரு கலைக்கூடம் ஒரு நகரத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று கருதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள் அங்கே பள்ளியுடன் சென்றிருந்தால், ஆசிரியர்கள் முன்கூட்டியே என்ன சொல்லி அனுப்பினார்கள், உடன் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்களா அல்லது பிள்ளைகளையே பேசவிட்டார்களா என்பதை எழுத வேண்டுகிறேன். லியாண்ட்ரோ எர்லிச்சின் 'நீச்சல் குளம்', கண்ணாடிமேல் தேங்கிய சிறிதளவு நீருக்குக் கீழே ஆட்கள் உடையோடு நிற்கும் அந்தப் படைப்பு, பிள்ளைகளிடம் எழுப்பிய கேள்விகளை அறிய மிகவும் விரும்புகிறேன். பிறகு அவர்கள் உங்களையும் அங்கே அழைத்துப் போனார்களா?

2024 ஜனவரி 1 நிலநடுக்கத்துக்குப் பின் காட்சிக் கூடங்கள் மூடியிருந்த மாதங்களில் பள்ளி வருகைகள் எவ்வாறு நடந்தன என்பதை அறிந்தவர்களும் தெரிவிக்கவும். பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம்.