சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் கொடுக்க விரும்புகிறேன்: எவ்வளவு, யாருக்கு?

குறிஞ்சி:
அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் அம்மா உலைக்கு அரிசி அளந்தவுடன் ஒரு பிடியை அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். கலயம் நிறைந்ததும் அது கோயில் அன்னதானத்துக்குப் போகும். வீட்டில் எவ்வளவு நெருக்கடி இருந்தபோதும் அந்தப் பிடி அரிசி நின்றதில்லை. நானோ யாராவது கேட்கும்போது மட்டும் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் அமைப்பினர் நோயுற்ற குழந்தையின் படத்தை அனுப்பி, தொலைபேசியில் விடாமல் கேட்டதால் 5,000 ரூபாய் அனுப்பினேன். அது எதற்குச் செலவானது என்று பலமுறை கேட்டும் பதில் இல்லை. இனி உண்மையாகவே பலன் தரும் அமைப்புகளுக்கு மாதந்தோறும் கொடுக்க எண்ணுகிறேன். வீட்டுக் கடன் இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது. எவ்வளவு ஒதுக்கலாம், அமைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வைகைக்கரை:
வணக்கம், சகோதரி. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட 'கிவிங் வாட் வீ கேன்' அமைப்பில் சேருவோர் தம் வருமானத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக உறுதி எடுக்கிறார்கள். தசமபாகமும் ஜகாத்தும் நமக்குப் பழகியவையே என்பதால் பங்கு பிரித்துக் கொடுப்பதில் புதுமை இல்லை. கொடுத்த பணம் எத்தனை பேருக்கு எந்த அளவு உதவியது என்று அளந்து பார்த்துக் கொடுப்பதைத்தான் நாம் இன்னும் பழக வேண்டியிருக்கிறது. கடன் இருப்பதால் தயங்க வேண்டாம்; 1 சதவீதத்திலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உறுதியும் அங்கே உண்டு.

தேர்வுக்கு, எந்த அமைப்புக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்று ஆராயும், 2007 முதல் இயங்கும் 'கிவ்வெல்' வெளியிடும் ஆய்வுகளைப் படியுங்கள். மலேரியாவைத் தடுக்கும் கொசுவலை, சிறு குழந்தைகளுக்கான வைட்டமின் ஏ, வடக்கு நைஜீரியாவில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்மாருக்குச் சிறு தொகை கொடுக்கும் திட்டம் ஆகியவற்றை அது பரிந்துரைத்து வருகிறது. மருந்து தோய்த்த ஒரு வலையின் விலை சில டாலர்தான். அதற்குள் இருவர் உறங்கலாம். ஆனாலும் வலை இல்லாதிருந்தாலும் அந்தக் குழந்தைகளில் சிலரே மலேரியாவுக்குப் பலியாகியிருப்பார்கள் என்பதால், ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவைச் சில ஆயிரம் டாலர் என்று கிவ்வெல் கணக்கிடுகிறது. 'நூறு ரூபாயில் ஓர் உயிர்' என்று விளம்பரம் செய்வோரைவிட, இந்தப் பெரிய தொகையை ஒளிக்காமல் சொல்வோரையே நான் நம்புகிறேன். நிர்வாகச் செலவு குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பயனற்ற திட்டத்தையும் குறைந்த நிர்வாகச் செலவில் நடத்திவிட முடியும்.

கணக்கர்:
வைகைக்கரை ஐயா சொன்னதோடு வரி பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி பிரிவு) பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, வெளிநாட்டில் பதிவான அமைப்புக்கு நேரடியாக அனுப்பினாலோ அது கிடைக்காது. வெறும் ரசீதோடு நின்றுவிடாமல், வரிக் கழிவுக்காக அமைப்பு வழங்கும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். சம்பளம் வரவான மறுநாளே ஆட்டோ டெபிட் ஆகும்படி வங்கியில் பதிவு செய்துவிடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் கையில் எதுவும் மிஞ்சாது என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

குறிஞ்சி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் புதிய வரி முறையில் இருப்பதால் கழிவைப் பற்றிய கவலை இல்லை. வரும் மாதம் முதல் 3 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் ஒரு சதவீதம் கூட்டி, கடன் அடைந்ததும் பத்துக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தாரின் அவசரத்துக்குக் கொடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. கலயத்துக்குப் போன பிடி போக, வாசலில் வந்து நின்றவர்களுக்கும் அம்மா தனியாகச் சோறு போட்டவர்தான்.