ஸ்கிம்மருக்கான தனிப் பாகங்கள்: அச்சிடுவதா, அக்ரிலிக்கில் செய்வதா?

வினா: நுரைக்கோப்பை

வணக்கம். பவளத் தொட்டிக்கான புரோட்டீன் ஸ்கிம்மர் (நீரிலுள்ள கரிமக் கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) ஒன்றை வீட்டிலேயே உருவாக்கி வருகிறேன். உடற்பகுதிக்கு வார்ப்பு அக்ரிலிக் குழாயும், பொடிக் குமிழிகளை உண்டாக்க ஊசிச்சக்கரப் பம்பும் கைவசம் உள்ளன. ஆயத்தமாகக் கிடைக்காத பாகங்கள் மூன்று: நுரை சேரும் கோப்பையைக் கழற்றி மாட்டும் வகையில் உடலோடு இணைக்கும் வளையம், பம்பின் வாயைப் பிவிசி குழாயோடு சேர்க்கும் இணைப்பி, சம்ப் எனப்படும் துணைத் தொட்டியின் விளிம்பில் மிதவை சுவிட்சைத் தாங்கும் பிடிப்பான். என்னிடம் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. அக்ரிலிக் தகடுகளை லேசரில் வெட்டிக்கொள்ளவும் வசதி உண்டு. மூன்றையும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையிலேயே அச்சிட்டுவிடலாமா? அதிலிருந்து பவளங்களுக்குக் கேடான எதுவும் நீரில் கசியுமா?

மறுமொழி 1: கடைசல்பட்டறை

மூன்றும் ஒரே வகைப் பாகங்கள் அல்ல. பிடிப்பான் எடையைத் தாங்கினால் போதும்; இணைப்பி நீரைக் கடத்த வேண்டும்; வளையமோ கசியாமல் அடைக்கவும் வேண்டும், அடிக்கடி கழற்றவும் வர வேண்டும். முதல் இரண்டை அச்சிடுங்கள். வளையத்தை அக்ரிலிக்கில் கடைந்து, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் அடைப்பு வளையத்துக்குப் பள்ளம் எடுப்பதே முறை.

பிஎல்ஏ வேண்டாம். அது நீரில் உடனே கரைந்துவிடாது என்றாலும், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும் பொருள் என்பதால், விளக்கின் வெப்பமும் ஓயாத இழுவிசையும் சேரும் இடத்தில் மெல்ல மெல்ல வளைந்துபோகும். பெட்ஜி என்ற மற்றொரு பிளாஸ்டிக் இழை சுமார் 80 டிகிரி வரை தாங்கும். நிறமேற்றாத இழையைத் தேர்ந்தெடுங்கள். செம்பு, வெண்கலத் தூள் கலந்த அலங்கார இழைகளைத் தொடவே தொடாதீர்கள், ஏனெனில் மிகக் குறைந்த அளவு செம்பும் இறால்களையும் பவளங்களையும் கொன்றுவிடும்.

அச்சிட்ட சுவரில் அடுக்குகளுக்கிடையே நீர் கசிவது இயல்பு. பம்பு சம்புக்குள்ளேயே மூழ்கியிருக்குமானால் இணைப்பியின் சிறு கசிவு ஒரு பொருட்டே இல்லை. வெளியே இருக்குமானால் அச்சிட்ட இணைப்பியை நான் நம்ப மாட்டேன்.

வரைவதற்கு முன் வெர்னியரால் அளந்துவிடுங்கள். முக்கால் அங்குலம் என்று அழைக்கப்படும் குழாயின் வெளிவிட்டம், அங்குல முறையில் 26.7 மில்லிமீட்டர், மெட்ரிக் முறையில் அதற்கு இணையாகப் பயன்படுவது 25 மில்லிமீட்டர் குழாய். மரையிலும் இதே சிக்கல்தான். பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பி மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்கத் தரமான என்பிடி மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால், முதல் சில சுற்றுகள் இனிதே பொருந்துவதுபோல் ஏறி, பிறகுதான் இறுகி நிற்கும்.

மறுமொழி 2: தகடுவெட்டி

வளையத்தைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். ஸ்கிம்மர் கழுத்தில் நீரழுத்தம் என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை. அங்கே நிற்பது சில சென்டிமீட்டர் நீரும் நுரையும்தான். அதற்காக லேத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு விளிம்பு வளையங்களைத் தகட்டிலிருந்து வெட்டி, ஒன்றை உடலிலும் மற்றொன்றைக் கோப்பையிலும் ஒட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒரே மையம் கொண்ட இரு வளையங்களை வெட்டி, இடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கீழ் விளிம்பின்மேல் ஒட்டினால், பள்ளம் தானாகவே அமைந்துவிடும். அதில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்கை வைத்து மேல் விளிம்பை இறுக்கினால், ரப்பர் கால் பங்கு நசுங்கி நன்றாக அடைக்கும். பள்ளத்தை ரப்பரின் தடிமனுக்குச் சரியாக வெட்டிவிடாதீர்கள்; நசுங்கும் ரப்பர் பக்கவாட்டில் விரிய இடம் வேண்டும். தகட்டின் தடிமனும் சொன்ன அளவில் இருக்காது என்பதால் அதையும் அளந்துகொள்ளுங்கள். திருகுகள் நைலானாக இருக்கட்டும். துருப்பிடிக்காது என்று விற்கப்படும் எஃகும் உப்புநீரில் நாளடைவில் துருவேறும்.

லேசரில் வெட்டிய விளிம்பில் வெப்பத்தால் ஏற்பட்ட இறுக்கம் உள்ளே தங்கிவிடுகிறது. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான் பசை அதில் பட்டால், அன்றே இல்லாவிட்டாலும் சில நாட்களில் மயிரிழை விரிசல்கள் படரும். ஒட்டுவதற்கு முன் பாகங்களைச் சுமார் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அவசரப்படாமல் ஆறவிடுங்கள். பசையின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது, ஆகவே காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். பிவிசி தகட்டை ஒருபோதும் லேசரில் வெட்டாதீர்கள். அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும்.

நுரைக்கோப்பை

இருவருக்கும் நன்றி. பம்பு சம்புக்குள்தான் இருக்கும் என்பதால் பிடிப்பானையும் இணைப்பியையும் பெட்ஜியில் அச்சிட்டு, வளையத்தைத் தகடுகளால் அமைக்கிறேன். பிற்பாடு ஓசோன் செலுத்தும் எண்ணமும் உண்டு. சாதாரண கறுப்பு ஓ-ரிங் தாங்குமா?

தகடுவெட்டி

கறுப்பு நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நைட்ரைல் ரப்பர் என்றால் ஓசோன் பட்டு விரிசல் விட்டுவிடும். சிலிக்கோன் அல்லது இபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.